ராகு காலத்து வெர்ஷன்

9 டிசம்பர் 2025, செவ்வாய்

இன்று வேலை இல்லை. இருந்தாலும் மூன்று பித்தளை அண்டாவை வெளியே இழுத்துப் போட்டுப் புளி வைத்துத் தேய்த்தேன். யாரும் கேட்கவில்லை. பளபளவென்று இருந்தால் எனக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

மத்தியானம் குஞ்சம்மாள் அண்ணி வந்தார்கள். என் வீட்டுக்காரருடைய அக்கா. இந்த வாடகைப் பாத்திரக் கடையில் பாதி அண்ணி பேரில் இருக்கிறது. மாமனார் அப்படி எழுதிவிட்டுப் போனார். உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ரஞ்சிதம், மார்கழி வரப்போவுது. இனிமே ஒரு கல்யாணம் கிடையாது. தை முடியட்டும், பாப்போம். அப்பவும் ஆளு வரலன்னா, கடைய வெலைக்குக் கேக்குறானே திண்டிவனத்துக்காரன், அவன்கிட்ட மொத்தமா குடுத்துடலாம். தம்பி இருந்தான், ஓட்டுனான். நீ இன்னா பண்ணுவ?"

கேட்டது தப்பில்லை. என் வீட்டுக்காரர் போன ஆடியில் தவறினார். அதிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரரும் கடைப் படி ஏறவில்லை. கருமாதிக்கு அண்டா கேட்டு வருகிறார்கள். கல்யாணத்துக்கு, மஞ்சள் நீராட்டுக்கு வருவதில்லை. தாலி அறுத்தவள் கையால் எடுத்துக் கொடுக்கிற பாத்திரத்தில் கல்யாணச் சோறு பொங்க யாருக்கு மனசு வரும்? வாயால் ஒருத்தரும் சொல்லவில்லை. வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

"தை முடியிற வரைக்கும் டைம் குடுங்க அண்ணி" என்றேன்.

"குடுத்தேன் போ" என்றார்கள். போகும்போது அண்டாவில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டார்கள்.

12 டிசம்பர்

மழை. யாரும் வரவில்லை. மகள் பூங்குழலி முட்டை தோசை ஊற்றினாள். நான்கு தின்றேன்.

20 டிசம்பர், சனி

சமையல் மாஸ்டர் காமராஜோடு பெரிய சண்டை.

பூங்குழலி சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் கடைக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். போனில் திறந்தால் என்னென்ன பாத்திரம் இருக்கிறது, எந்தத் தேதியில் காலி என்று வரும். வேண்டியதை விரலால் தொட்டால் பதிவாகிவிடும்.

காமராஜ் அதில் பெரிய இட்லிக் கொப்பரையைப் பதிந்துவிட்டு இன்று வண்டியோடு வந்து நின்றார். அந்தக் கொப்பரை ஓட்டையாகி ஐப்பசியிலேயே எடைக்குப் போட்டாயிற்று. என் போனில் அது இல்லை. அவர் போனில் இருக்கிறது.

"அண்ணி, கண்ணெதிர காட்டுது. இன்னா, போன் பொய் சொல்லுதா?"

"போன் சொல்றத வெச்சு இட்லி அவிங்க போங்க."

அப்படியே பேச்சு வளர்ந்தது. பூங்குழலி உள்ளேயிருந்து வந்து அவர் போனை வாங்கிப் பார்த்தாள். "இது பழைய வெர்ஷன் மாமா. இந்தப் பக்கம் மொத்தமா உங்க போனுக்குள்ளயே தங்கிடும். நான் புதுசு அனுப்பினாலும் சில போன் பழசையே காட்டிக்கிட்டு இருக்கும்."

நானும் எட்டிப் பார்த்தேன். மேலே என் வீட்டுக்காரர் படம் இருந்தது. சிரிக்கிறார். 'உரிமையாளர்: துரைக்கண்ணு.' என் போனில் அந்தப் படம் ஆவணியிலேயே போய்விட்டது.

பூங்குழலி புதுசாக்கப் போனாள். "கொஞ்சம் இருடி" என்றேன். பார்த்தேன். காமராஜ் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த ஒரு போனில் மட்டும் இத்தனை நாளும் அவர்தான் கடைக்காரராக இருந்திருக்கிறார்.

அப்புறம் "சரி, மாத்து" என்றேன். கொப்பரையும் போனது, அவரும் போனார்.

சண்டையில் ஜெயித்தது நான்தான். ஆனாலும் காமராஜ் இரண்டு சின்னக் கொப்பரையைச் சும்மாவே வாங்கிப் போய்விட்டார். கெட்டிக்கார மனுஷன்.

22 டிசம்பர், திங்கள்

பூங்குழலி பக்கத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். 'பதிப்பு 1.1', அதற்குப் பக்கத்தில் அது உருவான கிழமையும் மணியும்.

"இதை யாரு படிக்கப் போறாங்க?"

"நீ படிக்கச் சொல்லணும். யாராவது போன் பண்ணி அது இல்ல, இது இல்லன்னா, மொதல்ல கீழ கடைசி வரியப் படிங்கன்னு கேளு. பழைய நம்பர் சொன்னா பழைய பக்கம். மூடித் தொறக்கச் சொல்லு, முடிஞ்சுது." அப்புறம் சொன்னாள், "பாத்திரத்து மேல பேரும் வருஷமும் வெட்டுறோமில்ல, அந்த மாதிரிதான்."

அது புரிந்தது. நம் கடைப் பாத்திரம் எல்லாவற்றிலும் து.க. என்று வெட்டி வருஷம் போட்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் நாலு கடைப் பாத்திரம் கலந்து கிடந்தாலும் பொறுக்கி எடுத்துவிடலாம்.

ஒன்றுதான் புரியவில்லை. 1.9க்கு அப்புறம் 2 வருமா என்று கேட்டேன். இல்லையாம், 1.10 வருமாம். "அது 1.1 தானேடி? பின்னாடி போவுதே?" என்றேன். "இல்லம்மா, அது பத்து" என்கிறாள். இதற்காகவா இவளை அவ்வளவு படிக்க வைத்தார்!

3 ஜனவரி 2026, சனி

காமராஜ் இப்போதெல்லாம் வணக்கம் சொல்வதில்லை. தெருமுனையிலிருந்தே "அண்ணி, நான் 1.2!" என்று கத்திக்கொண்டு வருகிறார். டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அனந்தபுரத்திலிருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார். கருமாதிக்கு அண்டா வேண்டும், பக்கத்தில் காணோம் என்றார். கீழே கடைசி வரியில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று கேட்டேன். ரொம்ப நேரம் தேடிவிட்டு "எம்பத்தி மூணு பர்சன்ட்" என்றார். பேட்டரியைப் படித்திருக்கிறார். "அது மேலங்க, கீழ பாருங்க" என்றேன். "கீழ என் கட்டை விரல்தாம்மா இருக்குது" என்றார்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. பூங்குழலி ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடிவந்தாள். நான் அழுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

17 ஜனவரி, சனி

காணும் பொங்கல். செஞ்சிக் கோட்டைக்கு ஏகக் கூட்டம், ரோட்டைத் தாண்ட முடியவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் டிங் என்றது.

கல்யாணம்! வல்லத்தில். பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. அண்டா, தவலை, ஜமக்காளம், டேபிள், சேர், அடுப்பு, கடையையே காலி பண்ணுகிற மாதிரி பதிந்திருக்கிறார்கள். பெயர் கலைச்செல்வி, பெண்ணுடைய அம்மா. காமராஜ்தான் சமையல்.

உடனே காமராஜுக்குப் போன் பண்ணினேன். "என்னைப் பத்தி அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"கடை பேர் சொன்னேன். அண்டா சுத்தமா இருக்கும்னு சொன்னேன். வேற இன்னா சொல்லணும் அண்ணி?"

என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.

இந்த ஒரு கல்யாணம் நடந்துவிட்டால் குஞ்சம்மாள் அண்ணியிடம் நிமிர்ந்து பேசலாம். சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

21 ஜனவரி, புதன்

கலைச்செல்வி போன் பண்ணினார். படபடவென்று பேசுகிற ஆள். நடுவில் "வூட்டுக்காரர்கிட்ட குடுங்களேன், வண்டி விஷயம் பேசணும்" என்றார்.

மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "போன ஆடியில தவறிட்டாருங்க. நான்தான் கடை பாக்குறேன்."

"அடப்பாவமே" என்றார். அப்புறம் வண்டி விஷயம் என்னிடமே பேசினார். முதல் நாள் ராத்திரிக்குத் தனி, கல்யாணத்தன்று காலைக்குத் தனி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினால் சௌகரியம் என்றார். பூங்குழலி செய்து தருகிறேன் என்றாள்.

பதிவை எடுக்கவில்லை. ராத்திரி வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இருக்கிறது.

23 ஜனவரி, வெள்ளி

இரண்டாகப் பிரித்தாயிற்று. 1.3 போய்விட்டது.

24 ஜனவரி, சனி

காமராஜ் மூச்சு வாங்க வந்தார். இன்றைக்கு நம்பர் சொல்லவில்லை.

"அண்ணி, மோசம் போச்சு. அந்த வல்லத்து அம்மா கடைசி வரியப் படிச்சுட்டாங்க."

எல்லோரையும் கடைசி வரியைப் படியுங்கள், படியுங்கள் என்று பழக்கியது நாங்கள்தானே. 'பதிப்பு 1.3, உருவானது: வெள்ளி 10.50' என்று இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். "ராகு காலத்துல உருவானதுல எம் பொண்ணு கல்யாணத்தப் பதியறதா? வேணாம், எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

ராகு காலமாம். எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளா யோசிச்சிருக்கா. தாலி இல்லாதவகிட்ட எப்படி வேணாம்னு சொல்றதுன்னு யோசிச்சு, ராகு காலம்னு ஒரு சாக்கு கண்டுபுடிச்சிருக்கா. நேரா சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான? நான் இன்னா கடிக்கவா போறேன்? பதிஞ்சாளே, பதிஞ்சுட்டு எதுக்கு எடுக்கணும்—

அதே நாள், சாயங்காலம்

மேலே எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

பூங்குழலி தூங்கி எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டாள். "பத்து அம்பதா? அப்ப நான் மீட்டிங்ல இருந்தேனேம்மா. சாயங்காலம் டீ குடிச்சப்புறம்தான் அனுப்பினேன்." போனைப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். பக்கத்தை உருவாக்குகிற மெஷின் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறதாம். அதன் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னாலேயே ஓடுமாம். அதை நம்மூர் மணிக்கு மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டிருக்கிறாள். இத்தனை நாள் நம்பரைத்தான் எல்லோரும் படித்தார்கள், மணியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அப்ப ராகு காலம் இல்லியா?" என்றார் காமராஜ்.

"இல்லவே இல்ல மாமா. நம்ம நேரத்துக்கு சாயங்காலம் நாலு இருபது."

காமராஜ் என்னையும் கேட்காமல் கலைச்செல்விக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் காலண்டர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க மாஸ்டர், வெள்ளிக்கிழமை மூணுலேர்ந்து நாலரை எமகண்டங்க."

காமராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பூங்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. அதைக் கேட்டு எனக்கு வந்தது. போனிலும் சிரிப்புச் சத்தம். "ராகு காலத்துலேர்ந்து தூக்கி எமகண்டத்துல போடுறியேம்மா! படிச்ச பொண்ணு ஒரு நேரம் பாக்கக் கூடாதா?"

பூங்குழலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே நேரம் சொல்லுங்க ஆன்ட்டி, அந்த நேரத்துக்குப் புதுசு விடுறேன்" என்றாள்.

"புதன்கிழமை ஒம்பதே கால்லேர்ந்து பத்தே கால். நான் நேர்ல வர்றேன். என் கண்ணால பாக்கணும்."

நேரில் வருகிறாராம். வந்தால் என் வெறும் நெற்றியையும் கண்ணால் பார்ப்பார். அதோடு முடிந்தது.

26 ஜனவரி, திங்கள்

புதன்கிழமை பூங்குழலி சென்னை ஆபீசுக்குப் போயே ஆக வேண்டுமாம். மணியை நம்மூருக்கு மாற்றி எல்லாம் தயார் பண்ணி வைத்துவிட்டுப் போகிறேன், ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று என் போனில் ஏதோ ஏற்றினாள். 'வெளியிடு' என்று பச்சையாக ஒரு பொத்தான்.

"காமராஜ் அமுக்கட்டும்" என்றேன்.

"யாராவது அமுக்குங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

காமராஜ் காலண்டர் பார்த்துவிட்டுப் பத்தரைக்கு மேல் குளிகை, அதில் போய்விடக் கூடாது, குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்றார். "கல்யாணம்தான மாமா திரும்ப நடக்கக் கூடாது? வெர்ஷன் திரும்பத் திரும்ப வந்தா நல்லதுதான?" என்றாள் இவள். வாய்!

28 ஜனவரி, புதன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கே கலைச்செல்வி வந்துவிட்டார். குள்ளமாக, உருண்டையாக, மூக்குத்தியோடு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, குங்குமம். நான் உள்பக்கமாக அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "எதுங்க அந்த மெஷின்?" என்று கேட்டார். காமராஜ் என் போனைக் காட்டினார். கலைச்செல்வி அதைத் திருப்பி முதுகில் குங்குமம் வைத்தார், தாம்பாளத்தில் வைத்தார், பக்கத்தில் ஒரு முழம் பூவையும் வைத்தார். கரன்ட் இருக்கிறதா, டவர் இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார்.

காமராஜ் சாமி கும்பிட்டுவிட்டுப் பச்சையை அமுக்கினார். போன் விரல் ரேகை கேட்டது. தன் விரலை வைத்தார். ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு விரல். அதுவும் இல்லை. "எண்ணெய் விரலு, அதுக்குப் புடிக்கல போல" என்றார். பூங்குழலிக்குப் போன் பண்ணினோம். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினோம். பஸ்ஸில் இருக்கிறாளோ என்னவோ, எடுத்ததே பத்து மணி ஆகப்போகிறபோதுதான்.

"அது அம்மா போனு. அம்மா விரலுக்குத்தான் தொறக்கும்" என்றாள். வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள், கழுதை.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் இன்னும் ஒரு அடி பின்னால் போனேன். "இல்லீங்க... நான் வேணாங்க. உங்க வூட்டு நல்ல காரியம். நான் வூட்டுக்காரர் இல்லாதவ. உங்களுக்கே தெரியும்..."

கலைச்செல்வி என்னைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, மணி பத்து! பத்தே காலுக்கு முடியுது. அந்தக் கதையெல்லாம் அப்புறமா பேசலாம். வெரல வைங்க யக்கா!"

வைத்தேன். கை ஈரம், போன் ஏற்கவில்லை. "தொடைங்க, தொடைங்க" என்று தன் முந்தானையையே நீட்டினார். துடைத்துவிட்டு வைத்தேன். பச்சை போய் ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்தது.

"ஆரம்பிச்ச மணி போடுமா, முடிஞ்ச மணி போடுமா?" என்றார். அது ஒரு புதுப் பயம். போனில் பூங்குழலி "முடிஞ்ச மணி ஆன்ட்டி" என்றாள். மூன்று பேரும் வளையத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். காமராஜ் "சுத்துடா, சுத்துடா" என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டினார்.

நின்றது. கலைச்செல்வி தன் போனைத் திறந்து, கீழே தள்ளி, கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்.

"பதிப்பு 1.4. உருவானது புதன் காலை 10.09. வெளியிட்டவர் ரஞ்சிதம்."

மணியைப் படித்த அதே குரலில்தான் என் பேரையும் படித்தார். பேர் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"பத்து ஒம்பது. அப்பாடா" என்று சொல்லி, அதைப் படமாக எடுத்து அங்கேயே நின்று சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினார். "அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்றேன்.

"இன்னா சொல்லப் போறாங்க? நேரந்தான் சரியா இருக்குதே." அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "அதுக்கா இவ்ளோ நேரம் அண்டாவுக்குப் பின்னால நின்னீங்க?" என்றார். "யக்கா, நான் நேரம் பாக்குறவதான். ஆனா நேரம் மட்டுந்தான் பாப்பேன்."

தாம்பாளத்திலிருந்த பூவைக் கிள்ளி என் கையில் வைத்துவிட்டு, ஜமக்காளத்தில் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். நான் நாலு நாளாக மனசுக்குள் திட்டியதெல்லாம் இந்த அம்மாவையா?

29 ஜனவரி

வெளியிட்டவர் ரஞ்சிதம். திறந்து திறந்து பார்த்ததில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

8 பிப்ரவரி, ஞாயிறு

கல்யாணம் ஆயிற்று. பாத்திரத்தை எண்ணி வாங்கப் போனவளைக் கலைச்செல்வி இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். "1.4 வந்திருக்காங்க, எல போடுங்க" என்று காமராஜ் உள்ளேயிருந்து கத்தினார். யாருக்கும் புரியவில்லை. பாயசம் இரண்டு தரம் வாங்கினேன்.

அவர் இருந்திருந்தால் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுச் சாப்பிட்டிருப்பார். நானும் இன்று போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வருஷம் கேலி பண்ணியிருக்கிறேன்.

14 பிப்ரவரி, சனி

தை போய் மாசி வந்தாயிற்று.

கலைச்செல்வி எடுத்த படம் சம்பந்தி வீட்டிலிருந்து எங்கெங்கேயோ போயிருக்கிறது. நல்ல நேரம் பார்த்து வெர்ஷன் விடுகிற கடை இதுதானா என்று போன் வருகிறது. மாசி, பங்குனிக்குக் கல்யாணமாகவே பதிகிறார்கள். பூங்குழலி, "ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாவா விடுவாங்க? உலகத்துல எவளும் இப்படி வேலை செய்யமாட்டா" என்று புலம்புகிறாள். ஆனாலும் கடைச் சுவரில் புதுசாகப் பஞ்சாங்கக் காலண்டர் மாட்டியது அவள்தான்.

இன்று மேல்மலையனூர் பக்கத்துக் கல்யாணத்துக்கு வண்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். குஞ்சம்மாள் அண்ணி வந்து ஓரமாக நின்றார்கள். ஏறுகிற அண்டாவையும் இறங்குகிற சேரையும் பார்த்தார்கள். தையைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணியின் போன் அடித்தது. திண்டிவனத்துக்காரர். நான் கையிலிருந்த தவலையை வைத்துவிட்டு நின்றேன்.

"ஆமாப்பா, செஞ்சியிலதான் இருக்கேன்... இல்லப்பா, குடுக்குறதா இல்ல... அது அப்ப சொன்னது... அவகிட்டயா? அவளால இப்ப பேச முடியாதுப்பா, வண்டி நிக்குது."

போனை இடுப்பில் சொருகினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜமக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்தார்கள்.

"இன்னா பாத்துனு நிக்கிற? அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன். இரண்டு பேருமாக உதறினோம். தூசி ரோடு வரைக்கும் போனது.